இரண்டு நிமிட த்ரில்லர், நாலு தறி, ஒரு லேப்டாப்: விஸ்காம் ப்ராஜெக்ட் அனுபவம்

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிக்கிற பலருக்கும் ஏதோ ஒரு செமஸ்டரில் இந்த மாதிரி ஒரு ப்ராஜெக்ட் வந்து சேரும். ஒரு ஜானரை (கதை வகையை) எடுத்துக்கொள், அதன் வழக்கங்களை ஆராய்ந்து ஒரு ரெக்கார்டு எழுது, அப்புறம் அதே ஜானரில் ஒரு படத்தின் முதல் இரண்டு நிமிடத்தை நீயே எடுத்து எடிட் செய்து காட்டு, கடைசியில் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. எங்கள் டீமில் மூன்று பேர், எடுத்தது த்ரில்லர். எடிட்டிங் என் தலையில் விழுந்தது, காரணம் என்னிடம்தான் லேப்டாப் இருந்தது. அதற்கு முன் நான் எடிட் செய்தது அக்கா கல்யாண ரீல்ஸ் மட்டும்.

முதலில் செய்த தப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஜூனியர்கள் எல்லாரும் அதையேதான் செய்கிறார்கள். "த்ரில்லர் கன்வென்ஷன்ஸ்" என்று தலைப்புப் போட்டு, கீழே இருட்டு, மழை, நீண்ட நிழல், தொப்பி போட்ட ஆள், கத்தி, கதவு கிறீச்சிடும் சத்தம் என்று ஒரு மளிகைப் பட்டியல் எழுதினோம். எழுதியதை அப்படியே எடுத்தும் விட்டோம். கோவைக்கு அருகே சோமனூர் பக்கம் நண்பனின் பெரியப்பாவுக்கு ஒரு பழைய தறிக்குடோன் இருக்கிறது, நாலே தறி, அதிலும் ஒன்றுதான் ஓடும் நிலையில். ராத்திரி பூட்டிய குடோனுக்குள் தறி தானாக ஓடுகிறது, வாட்ச்மேன் உள்ளே போய்ப் பார்க்கிறார், இதுதான் கதை. மழைக்கு ஹோஸ் பைப். தலையை மூடிய ஒருவன் நடந்து வருகிறான், முகம் தெரியாது, கால் தெரியும், கை தெரியும், கடைசி ஷாட்டில் அவன் தறிக்குப் பின்னால் நிற்பது தெரியும், கட், டைட்டில். இரண்டு நிமிடத்தில் 61 ஷாட் வைத்திருந்தேன், வேகமாக வெட்டினால்தான் த்ரில் என்ற நினைப்பில்.

ரிவ்யூவில் சார் முழுதாகப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இதுல சஸ்பென்ஸ் எங்கப்பா இருக்கு?"

"கடைசி வரைக்கும் முகத்தைக் காட்டவே இல்லையே சார்."

"அது நீ ஒளிச்சு வச்சது. நான் சஸ்பென்ஸ் எங்கன்னு கேட்டேன்."

அந்த இடத்தில் புரியவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். நம் பேச்சில் சஸ்பென்ஸ் என்றாலே சொல்லாமல் வைப்பதுதானே. பர்த்டே கிஃப்ட் என்ன என்று கேட்டால் "சஸ்பென்ஸ்" என்போம். சினிமா பாடத்தில் அதே சொல் கிட்டத்தட்ட நேர் எதிர்ப் பொருளில் வருகிறது. த்ரில்லர் இயக்குநர் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவுக்குக் கொடுத்த நீண்ட பேட்டியில் ஒரு உதாரணம் சொல்கிறார்: இரண்டு பேர் மேஜையில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், திடீரென்று மேஜைக்கு அடியில் குண்டு வெடிக்கிறது, பார்க்கிறவருக்கு 15 விநாடி அதிர்ச்சி. அதே காட்சியில் குண்டு அங்கே இருப்பதும், அது எத்தனை மணிக்கு வெடிக்கும் என்பதும் நமக்கு முன்பே தெரிந்திருந்தால், அவர்கள் பேசும் வெட்டிப் பேச்சே 15 நிமிடம் நம்மை நகம் கடிக்க வைக்கும். அதாவது சஸ்பென்ஸ் என்பது பார்ப்பவருக்குச் சொல்லிவிட்டு, படத்தில் இருப்பவருக்குச் சொல்லாமல் விடுவது. இது பாடப்புத்தகத்திலேயே இருந்தது, நானும் அடிக்கோடு போட்டுப் படித்திருந்தேன். படித்ததற்கும் எடிட்டிங்கில் ஷாட்டுகளை அடுக்கும் டைம்லைனில் உட்கார்ந்ததற்கும் நடுவில் எங்கோ காணாமல் போயிருந்தது.

அன்று ராத்திரி ஒரு வேலை செய்தேன். புதிதாக எதையும் எடுக்கவில்லை, அந்தக் கடைசி ஷாட்டை, தறிக்குப் பின்னால் ஆள் நிற்கும் நாலு விநாடி ஷாட்டை, இழுத்துக்கொண்டு போய் மூன்றாவது ஷாட்டாக வைத்தேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வாட்ச்மேன் வெளியே உட்கார்ந்து டீ குடிப்பதுகூட வேறு மாதிரி ஆகிவிட்டது. முதல் வெர்ஷனில் சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருந்த ஷாட் அது, வெட்டி எறிய நினைத்திருந்தேன். இப்போது அதை ஆறு விநாடி நீட்டினாலும் தாங்கியது, ஏனென்றால் உள்ளே ஆள் இருப்பது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது, அவர் பாட்டுக்கு டீயை ஊதி ஊதிக் குடிக்கிறார். 61 ஷாட் 34 ஆகக் குறைந்தது. முகம் மறைக்கும் க்ளோஸப் எல்லாம் தேவையே இல்லாமல் போயின.

அதனால் ரெக்கார்டு எழுதுபவர்களுக்கு நான் சொல்வது: இருட்டையும் மழையையும் பட்டியல் போடாதீர்கள், பட்டப்பகலில் நடக்கும் த்ரில்லர்கள் எத்தனையோ இருக்கின்றன. ஒரு காட்சியை எடுத்து, நோட்டில் மூன்று நெடுவரிசை போடுங்கள். முதலில் எந்த ஷாட், அடுத்து எத்தனை விநாடி, மூன்றாவதில் இந்த ஷாட் முடியும்போது நமக்கு என்ன தெரியும், கதாபாத்திரத்துக்கு என்ன தெரியும். கடைசி நெடுவரிசைதான் ஜானரைக் காட்டிக்கொடுக்கும். உதாரணத்துக்கு 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கி ஏவிஎம் தயாரித்த 'அந்த நாள்'. பாட்டே இல்லாமல் வந்த தமிழ்ப் படம் என்று குவிஸில் கேட்பார்களே, அதேதான். சென்னையில் ஜப்பான் குண்டு போட்ட 1943 பின்னணி. தொடக்கத்திலேயே துப்பாக்கி வெடித்து சிவாஜி செத்துவிடுகிறார், சுட்டது யார் என்று விசாரணை போகிறது, ஒவ்வொருவர் வாக்குமூலத்திலும் கதை மாறுகிறது. அங்கே விசாரிப்பவருக்குத் தெரிந்த அளவுதான் நமக்கும் தெரியும். ஆகவே அதன் கேள்வி "யார்". எங்கள் இரண்டாவது வெர்ஷனின் கேள்வி "எப்போது". முதலாவதை மர்மக் கதை என்றும், இரண்டாவதை சஸ்பென்ஸ் த்ரில்லர் என்றும் பிரித்து எழுதியதற்கு வைவாவில் நல்ல பேச்சு நடந்தது. ஒரே படத்தில் இரண்டும் கலந்து வரும், அதுவும் உண்மைதான், ஆனால் பிரிக்கத் தெரிந்தபின் கலப்பைப் பற்றிப் பேசுவது சுலபம்.

சரி, எடிட்டிங் பக்கம் வருவோம். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே இந்த மாதிரி ப்ராஜெக்டுக்குத் தாராளம். என் லேப்டாப்பில் 8 ஜிபி ராம்தான், போன் வீடியோவை நேராகப் போட்டால் திணறியது, ப்ராக்ஸி (எடிட்டுக்கு மட்டுமான இலகுவான நகல்) உருவாக்கி அதை வைத்து வெட்டினேன், ஓரளவு ஓடியது. மென்பொருள் முழுவதையும் கற்க உட்காராதீர்கள். ஜே, கே, எல் மூன்று கீயில் பின்னால் ஓட்டுவது, நிறுத்துவது, முன்னால் ஓட்டுவது, ஐ, ஓ இரண்டில் ஷாட்டின் தொடக்கமும் முடிவும் குறிப்பது, பி-யில் (B) வெட்டுவது. முதல் வாரம் இவ்வளவு போதும். கலர் கிரேடிங் வீடியோக்களைப் பார்த்து நான் வீணடித்த இரண்டு நாளை யாராவது திருப்பித் தந்தால் தேவலை.

போனில் எடுப்பவர்கள் இரண்டு விஷயம் கவனியுங்கள், யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ட்யூப்லைட் அந்தத் தாளத்தில்தான் மினுக்கும், ஷட்டர் அதோடு ஒத்துப்போக வேண்டும். குடோனில் பழைய சோக் வைத்த ட்யூப்லைட், நாங்கள் விநாடிக்கு 30 ஃப்ரேமில், ஷட்டர் விநாடியில் 60-இல் ஒன்றாக வைத்து எடுத்தோம், முதல் ராத்திரி எடுத்தது முழுக்கப் பட்டை பட்டையாக மினுக்கியது. மறுநாள் 25 ஃப்ரேம், ஷட்டர் 50-இல் ஒன்று, பிரச்சினை போய்விட்டது. இரண்டாவது, பல போன்களின் சாதாரண கேமரா ஆப் ஃப்ரேம் வேகத்தைத் தானாக ஏற்றி இறக்கும். டைம்லைனில் போட்டால் நேரம் போகப் போகப் படமும் சத்தமும் விலகும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டு எடிட்டைத் தொடங்குங்கள், பாதியில் மாற்ற நினைத்தால் அழ வேண்டியதுதான்.

அழுகை என்றதும் ஞாபகம் வருகிறது. ரிவ்யூவுக்கு ப்ராஜெக்டை எக்ஸ்போர்ட் செய்து பென்டிரைவில் போட்டுக்கொண்டு போனேன். லேப் சிஸ்டத்தில் திறந்தால் திரை முழுக்கச் சிவப்பு, 'மீடியா ஆஃப்லைன்'. ப்ராஜெக்ட் ஃபைலுக்குள் வீடியோ இருக்காது, எந்த ஷாட் எங்கே வெட்டப்பட்டது என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒரு ஃபோல்டர், அதற்குள் வீடியோ, சத்தம், ப்ராஜெக்ட் எல்லாம், அந்த ஃபோல்டருக்கு இன்னொரு நகல். எக்ஸ்போர்ட் செய்த வீடியோவும் தனியாகப் போனில் இருக்கட்டும்.

வெட்டுவது பற்றி இனி. 180 டிகிரி விதியை, அதாவது இரண்டு பேருக்கு நடுவே ஒரு கற்பனைக் கோடு, கேமரா அதன் ஒரே பக்கம் நிற்க வேண்டும் என்பதைப் படித்திருப்பீர்கள், படித்துவிட்டு மீறியும் இருப்பீர்கள். தறிகளுக்கு இடையே சந்து குறுகல், கேமராவை எதிர்ப்பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டோம். விளைவு, வாட்ச்மேன் ஆளை நோக்கிப் போகாமல், திரும்பி வீட்டுக்குப் போவது போலத் தெரிந்தது. திரும்ப எடுக்க நேரமில்லை. நடுவில் ஒரு நாடா (தறியில் நூலோடு இருபுறமும் ஓடும் கட்டை) க்ளோஸப்பை வைத்தேன், திசை எதுவும் சொல்லாத ஷாட் ஒன்று இடையில் வந்தால் கண் பழைய திசையை மறந்துவிடுகிறது. ஷூட்டிங்குக்குப் போகும்போது இப்படிப்பட்ட துண்டு ஷாட்டுகளை, கை, பூட்டு, டீ கிளாஸ், நூல், எதுவானாலும், பத்துப் பதினைந்து எடுத்து வையுங்கள்.

வாட்ச்மேனாக நடித்தவன் எங்கள் கிளாஸ்மேட், நடிப்பு சுத்தமாக வராது. பயப்படு என்றால் பல்வலி மாதிரி முகத்தை வைப்பான். இயக்குநர் குலெஷோவ் ரஷ்யாவில் ஒரே நடிகரின் ஒரே முகத்தை சூப், சவப்பெட்டி, பெண் என்று மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டிய கதையை எல்லாரும் தேர்வுக்கு எழுதுகிறோம், எனக்கு அது கைகொடுத்தது இங்கேதான். "ஒண்ணும் பண்ணாத மச்சான், சும்மா பாரு" என்று எடுத்த வெற்று முகத்தை, ஓடும் தறிக்கு அடுத்து வைத்தால் சந்தேகம், தரையில் கிடக்கும் செருப்புக்கு அடுத்து வைத்தால் பயம். நல்லா நடிச்சிருக்கான் என்று பாராட்டு வேறு அவனுக்கு.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் சத்தம். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காதில் விழாது. அந்த 'டடக் டடக்' சத்தத்தில் காலடி கேட்காது என்பதே பயம், தனியாகப் பயமுறுத்தும் மியூசிக் தேவைப்படவில்லை. தொடக்கத்தில் கருப்புத் திரை மேலேயே தறிச் சத்தத்தை விட்டு, இரண்டு விநாடி கழித்துப் படத்தைத் திறந்தேன், இதைத்தான் ஜே கட் என்கிறார்கள். பிறகு ஒரு இடத்தில் தறி சட்டென்று நிற்கும். அந்த நிசப்தத்துக்கு ஆடியோவை வெறுமையாக விட்டேன், ஸ்பீக்கர் ரிப்பேர் போலிருந்தது. அப்புறம் மறுபடி சோமனூர் போய், ஒருவரும் பேசாமல் ஒரு நிமிடம் காலி குடோனின் சத்தத்தைப் பதிவு செய்து வந்தோம், ட்யூப்லைட் ரீங்காரமும் தூரத்து நாயும். அதைப் போட்டதும் அமைதி அமைதியாகக் கேட்டது.

கண்டினியூட்டி பற்றி ரொம்பக் கவலைப்பட்டேன். ஒரு ஷாட்டில் வாட்ச்மேன் தோளில் துண்டு இருக்கும், அடுத்ததில் இல்லை. துண்டு இருக்கும் டேக்கில் முகம் சரியில்லை. எடிட்டர் வால்டர் மர்ச் ஒரு கட் சரியா என்று பார்க்க ஆறு அளவுகோல் வைத்து மதிப்பெண் போட்டிருக்கிறார், உணர்ச்சிக்கு 51 சதவீதம், கதைக்கு 23, தாளத்துக்கு 10, இடத் தொடர்ச்சிக்கு வெறும் 4. அதை நம்பி, துண்டு இல்லாத டேக்கையே வைத்தேன். வைவாவில் இதை நானே எடுத்துச் சொல்லிக் காரணமும் சொன்னேன். தப்பை அவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன் நாமே சொன்னால் அது தப்பாக இல்லாமல் முடிவாகிவிடுகிறது.

ஸ்கிரீனிங்கில் பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி "திரும்புடா டேய்" என்று கத்தினாள். துண்டை ஒருவரும் கவனிக்கவில்லை. அந்த வாரக் கடைசியில் பெரியப்பாவுக்கு நன்றி சொல்லப் போய், அவர் போனிலேயே படத்தைப் போட்டுக் காட்டினோம். இரண்டு நிமிடமும் அசையாமல் பார்த்தார். முடிந்ததும் பின்னால் தள்ளி, நான் 180 டிகிரியை மறைக்க வைத்த அந்த நாடா க்ளோஸப்பில் நிறுத்தினார். அது தறி ஓடாத நாளில், கையால் தள்ளி எடுத்த ஷாட்.

"ஆள் ஒளிஞ்சிருக்கறதெல்லாஞ் சரி கண்ணு, நாடாவுல நூலே இல்லாம தறி எப்படி ஓடுது?"