1953 என்று எழுதிய வில்

பண்டாரவளையில் பழைய சாமான் விற்பவரிடம் ஒரு ரிகர்வ் (நுனிகள் முன்பக்கம் வளைந்த) வேட்டை வில் வாங்கியிருக்கிறேன். அமெரிக்காவின் பியர் நிறுவனத்தினுடையது. "1953ஆம் வருஷத்து வில் தம்பி, இதிலேயே எழுதியிருக்கிறது" என்று அவர் விலையை ஏற்றிக்கொண்டே போனார். அது கனடாக் காப்புரிமையின் ஆண்டு. பின்னாளில் செய்த விற்களிலும் அதையே அச்சிட்டார்கள். வயதைச் சொல்வது கைப்பிடியில் பதித்த வட்டப் பதக்கம். மரத்தோடு மட்டமாக இருந்தால் 1972 வரையிலானது, மேலெழும்பி நின்றால் அதற்குப் பிந்தியது. இதில் மட்டம். என்னைவிட மூத்தது!

இழுவிசை, அதாவது நாணை 28 அங்குலம் இழுத்துப் பிடிக்கத் தேவைப்படும் விசை, 45 இறாத்தல். வில்லின் வளையும் இரு கரங்களிலும் முறுக்கில்லை, அவற்றின் மேல் ஒட்டிய கண்ணாடியிழை உரிந்திருந்தால் தொட்டிருக்கவே மாட்டேன். நாண் டேக்ரான்தான் (சற்று நீளும் செயற்கை இழை) போட வேண்டும். இப்போதைய நீளாத நாண்கள் அந்தக் காலத்து வில்லின் நுனியைப் பிளந்துவிடும். காலிடுக்கில் வைத்து வளைத்து நாணேற்றும் வீரர்கள் தயவுசெய்து தள்ளி நிற்கவும், அதற்கென்றே கயிறு இருக்கிறது.

நாங்கள் குடியிருக்கும் தோட்ட லயத்துக்குப் பின்னால் மண்மேட்டில் சாய்த்த, கந்தல் திணித்த தேயிலைச் சாக்குதான் இலக்கு. கொழுந்து பறிக்க ஆள் வரும் நேரத்தில் எய்வதில்லை. "பன்றிக்கா?" என்று கண்ணடிக்கும் மாமாமார்களே, இல்லை, சாக்குக்கு மட்டும்.

மர அம்பு செய்யத் தெரிந்தவர்கள் ஹட்டன் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.