கன்ட்ரோல் தட்டும் செத்துப்போச்சு

அக்ரிடின் ஆரஞ்சு என்ற சாயம் ஏற்றிய புற்றுசெல்லை இருட்டறையில் மைக்ராஸ்கோப் வழியாகப் பார்ப்பது தனி சுகம். செல் முழுக்க மங்கிய பச்சை. நடுநடுவே பொறி தெறித்தாற்போல் ஆரஞ்சுப் புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு லைசோசோம், செல்லின் கழிவை நொதிகளால் செரிக்கும் சின்னப் பை. உள்ளே பிஹெச் 5-ஐ ஒட்டிய அமிலம் இருப்பதால் சாயம் அங்கே போய்க் குவிகிறது. சவ்வு கிழிந்தால் ஆரஞ்சு அணைந்து பச்சை கூடும்.

லைசோசோமைக் கிழிக்கிறதா என்று பார்க்க மருந்து போட்ட தட்டில் புள்ளிகள் பொசுக்பொசுக்கென்று அணைந்தன. துள்ளிக் குதிக்காத குறை. அதே உற்சாகத்தில் மருந்தே படாத கன்ட்ரோல் தட்டையும் நிதானமாகப் பார்த்தேன். அதிலும் அணைந்தன! கிழித்தது மருந்தில்லை, நான் விடாமல் அடித்த நீல வெளிச்சம். இந்தச் சாயம் ஏறிய லைசோசோம் நீல ஒளியில் ஆக்சிஜனேற்றம் அடைந்து தானாகவே உடையும். மூன்று வார வேலை குப்பைக்குப் போனது.

ஆறுதலுக்கு பெல்ஜிய விஞ்ஞானி கிறிஸ்டியன் டி டுவேயை நினைத்துக்கொண்டேன். 1949-இல் எலி ஈரலில் அமில பாஸ்பட்டேஸ் என்ற நொதியை அளந்தபோது, எதிர்பார்த்ததில் பத்தில் ஒரு பங்குதான் கிடைத்தது. ஐந்து நாள் ஃபிரிட்ஜில் வைத்து மறுபடி அளந்தால் முழுசாக இருக்கிறது. நொதி ஏதோ பைக்குள் அடைபட்டிருந்து கசிந்திருக்கிறது. 1955-இல் அந்தப் பைக்கு லைசோசோம் என்று பெயர் வந்தது, 1974-இல் அவருக்கு நோபல் வந்தது. அவருக்குக் கசிவு வரம், எனக்குச் சாபம்.

பள்ளியில் படித்த 'தற்கொலைப் பை' என்ற பெயர்தான் எனக்கு உறுத்தல். ஒன்றிரண்டு கிழிந்தால் செல் சாவதில்லை. பைக்கு வெளியே உள்ள செல் திரவமான சைட்டோசோலின் பிஹெச் 7.2-இல் பல நொதிகள் சோர்ந்துபோகும், கேதெப்சின் என்ற புரதம் வெட்டும் நொதியைப் பிடித்துக் கட்ட சிஸ்டாட்டின் என்ற தடுப்புப் புரதம் வேறு இருக்கிறது. கசிவு கொஞ்சம் கூடினால்தான் கேதெப்சின் பிட் (Bid) என்ற புரதத்தை வெட்டி, மைட்டோகாண்ட்ரியாவைத் தூண்டி, அப்போப்டோசிஸ் என்ற ஒழுங்கான செல்சாவு தொடங்கும். மொத்தமாக உடைந்தால் நெக்ரோசிஸ், செல் வெடித்துச் சாகும் தாறுமாறான சாவு. ஆக, எவ்வளவு கசிந்தது என்பதுதான் கேள்வியே.

புற்றுசெல்லின் லைசோசோம் பெரும்பாலும் பெருத்தும், சவ்வு நொய்ந்தும் இருக்கும். ஹெச்எஸ்பி70 என்ற காப்புப் புரதம் முட்டுக்கொடுத்து நிற்கவைக்கிறது. சிராமெசின் போன்ற மருந்துகள் குறிவைப்பது இந்த நொய்மையைத்தான். ஆனால் அதே பை டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தை உள்ளே இழுத்துப் பூட்டி, செல்லின் உட்கருவை எட்டவிடாமல் செல்லைக் காப்பாற்றவும் செய்யும். பலே ஆசாமி.

கிழிசலைக் காட்ட இப்போது சாயத்தை விட்டு கேலெக்டின்-3-க்கு மாறிவிட்டேன். செல்லெங்கும் பரவிக் கிடக்கும் இந்தப் புரதம், சவ்வு கிழிந்தால் உள்பக்கத்துச் சர்க்கரையில் போய் ஒட்டிப் புள்ளியாகும். அணைவதைத் தேடிய கண் இப்போது பற்றிக்கொள்வதைத் தேடுகிறது. கன்ட்ரோல் தட்டிலும் இரண்டு மூன்று புள்ளி தெரியத்தான் செய்கிறது. அவற்றையும் எண்ணி எழுதி வைக்கிறேன்.