கோபுர விளக்கு

ஜனவரி 11
நான் வரைந்துகொண்டிருக்கும் புதுச் சர்ச்சுக்காகப் பங்குப் பேரவைக் கூட்டம் இரண்டரை மணி நேரம். பாதி நேரம் பெஞ்சுச் சண்டையிலேயே போனது. தரையில் உட்கார்ந்தால் கூட்டம் கொள்ளும் என்கிறார்கள் பெண்கள். முட்டிவலிக்காரர்கள் விடவில்லை. அண்ணன் ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கப் போய் 19 நாள்.

ஜனவரி 14
காலை 6.30 பூசை. கடைசி வரிசையில் இருந்தேன். ஏழு மணி தாண்டி, பலிபீடத்துக்குப் பின்னாலுள்ள கண்ணாடியில் வெயில் ஏறியதும் பாதர் முகம் கரிக்கட்டை. "சத்தம் கேக்குது, ஆளைத்தான் காணல்ல" என்றாள் பக்கத்துப் பாட்டி. 1960களில் ஆயர்கள் கூடிப் பூசை முறையைச் சீர்திருத்திய வாடிகன் சங்கத்துக்கு முன் சாமியாரும் நம்மைப்போலக் கிழக்கே பார்த்துத்தான் நிற்பார், யாருக்கும் உறுத்தியிருக்காது. அந்தச் சுவரை அடைத்துவிட்டுப் பக்கவாட்டில் வெளிச்சம் எடுக்க வேண்டும்.

ஜனவரி 15
அண்ணனிடமிருந்து போன் இல்லை.

ஜனவரி 18
தெர்மகோல் மாதிரியை மறைக்கல்விப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். செல்போன் டார்ச்தான் சூரியன். ஏப்ரல் நடுவில் இங்கே அது நேர் உச்சிக்கு வரும், அதனால் கூரையில் கண்ணாடி வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு பயல் டார்ச்சைக் கடல் பக்க வாசல் வழியாகப் பிடித்தான். வெளிச்சம் பலிபீடம்வரை ஓடியது. மாலை வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் பயந்து அந்த வாசலைத்தான் நான் சுருக்கி வைத்திருந்தேன்.

"வாசலைச் சுருக்காதே மக்களே. உள்ள இருந்தா கடல் தெரியணும்" என்றது பின்னாலிருந்து ஒரு பெரியவர் குரல்.

ஏன் என்று யாரும் சொல்லவில்லை. ஓகிப் புயல் சமயத்தில் நான் சென்னையில் இருந்தேன்.

ஜனவரி 19
திருவனந்தபுரம் லயோலா சிற்றாலயத்தில் லாரி பேக்கர் வைத்த செங்கல் சல்லடைச் சுவரைப் படத்தில் காட்டினேன். பொழியூர்க் கொத்தனார் ரசித்தார். அப்புறம், "மணலு யாரு கூட்டும்?" என்றார்.

ஜனவரி 23
இரண்டு பல்பு கட்டிப் பார்த்தோம். 3000 கெல்வின் மஞ்சள் கல்யாண வீடாம், 6500 வெள்ளை ஆஸ்பத்திரியாம். எனக்கு அரையிருட்டுதான் ஆசை. ஆனால் இருபது வயதுக் கண்ணுக்குள் போகிற வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக் கண்ணுக்குள் போகும். அம்மா பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்து மனப்பாடமாகப் பாடுகிறாள். இத்தனை வருஷம் படிக்கிறாள் என்றே நினைத்தேன்.

ஜனவரி 26
கோபுரத்தை வடக்கே 12 மீட்டர் தள்ளி வரைந்திருந்தேன். மாமா ஒருவர் வரைபடத்தில் கையை வைத்துவிட்டு எடுக்கவே இல்லை. கோபுரத்தையும் பின்னாலுள்ள மலையையும் ஒரே கோட்டில் பிடித்துத்தான் கடலுக்குள் 'பார்', அதாவது மீன் கிடைக்கும் பாறைத்திட்டு, எங்கே என்று கண்டுபிடிப்பார்களாம். இங்கே 12 என்றால் தூரம் போகப்போக அது விரியும். ஜி.பி.எஸ். இருக்கிறதே என்றேன்.

"பேட்டரி தீந்தா?"

பழைய இடத்துக்கே மாற்றினேன். உச்சி விளக்கு வெள்ளை கூடாது, ரோட்டு விளக்கோடு கலந்துவிடும்.

ஜனவரி 28
36 நாள். சுவருக்குச் சுண்ணாம்பா பெயின்டா என்று கேட்டவரிடம் எரிந்து விழுந்தேன்.

ஜனவரி 31
பழைய கோபுரத்தில் மஞ்சள் விளக்கு கட்டியாயிற்று, சோதனைக்கு. மாமா வள்ளத்தில் போய்ப் பார்த்துச் சொல்வார். எவ்வளவு தூரம் தெரியும் என்று அம்மா மூன்று தடவை கேட்டுவிட்டாள். 25 மீட்டர் உயரத்துக்கு, படகில் நிற்பவனுக்கு, அடிவானக் கணக்குப்படி சுமார் 22 கிலோமீட்டர். அண்ணன் போயிருப்பது லட்சத்தீவையும் தாண்டி. அதைச் சொல்லவில்லை. ராத்திரி முழுக்க எரியட்டும் என்கிறாள். கரண்டு பில்லைப் பற்றிப் பேரவையில் நாளைக்குக் கேட்பார்கள்.