உம்மென்று நிற்கிற கோழிக்கு முதலில் சூடு

கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை வந்தால் கோழி வளர்க்கிறவர்களுக்குத் தூக்கம் போச்சு. எங்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிசு, மழை விட்டாலும் மூடுபனி விடாது, கூட்டுக்குள் போட்ட மரத்தூள் காயவே காயாது. அந்த ஈரத்தில்தான் ரத்தக்கழிச்சலும் சளியும் கிளம்பும்.

கோழி கடைசிவரை நோயைக் காட்டாது, மற்றவை கொத்துமே என்ற பயம். அதனால் நான் காலையில் கூட்டைத் திறந்ததும் எது வெளியே வரவில்லை என்றுதான் முதலில் பார்ப்பேன். இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, மூலையில் உம்மென்று நிற்கிறதா, சரி, அதைக் கையில் எடுக்க வேண்டியதுதான். நெஞ்செலும்பைத் தடவிப் பார்த்தால் சதை வற்றியிருப்பது விரலுக்குத் தெரிந்துவிடும். தீனிப்பையையும் அழுத்திப் பாருங்கள், விடியற்காலையில் அது காலியாக இருக்க வேண்டும். ராத்திரி தின்றது அப்படியே கெட்டியாக இருந்தால் இரை இறங்கவில்லை என்று அர்த்தம்.

பக்கத்து வீட்டு அக்கா உடனே மிளகு, சீரகம், பூண்டு எல்லாம் அரைத்து உருண்டை பிடித்துக்கொண்டு வந்துவிடுவார். கொடுக்கட்டும், நான் தடுப்பதில்லை. ஆனால் இந்தக் குளிரில் அதற்கு முன்னால் சூடு வேண்டும். கோழியின் உடம்புச் சூடு சாதாரணமாகவே 41 டிகிரி செல்சியஸுக்குப் பக்கம், இரை எடுக்காத கோழி அதைக் காப்பாற்றப் போராடியே ஓய்ந்துபோகும். அட்டைப்பெட்டியில் சாக்கு விரித்து, ஒரு ஓரத்துக்கு மட்டும் 60 வாட் குண்டு பல்பு, சூடு அதிகமானால் அது நகர்ந்துகொள்ள இடம் இருக்க வேண்டும். மழையில் கரண்ட் நின்றுபோனால் (நிற்கும்) வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வைப்பேன். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் வெல்லமும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்து அலகோரமாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வாயைப் பிளந்து சங்கால் ஊற்றாதீர்கள், நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழல் வாய் இருக்கிறது, தண்ணீர் நேராக அதற்குள் போய்விடும்.

அப்புறம் எச்சத்தைப் பாருங்கள். ரத்தம் கலந்திருந்தால் கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள், ரத்தக்கழிச்சலுக்கு ஆம்ப்ரோலியம் போல மருந்து இருக்கிறது, சீக்கிரம் கொடுத்தால் பிழைக்கும். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து முறுக்கிக்கொண்டால் அநேகமாக வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட். அது வைரஸ், சூடும் உருண்டையும் அதைக் கொல்லாது. 1927-ல் இந்தியாவில் முதலில் பதிவானதும் ராணிக்கெட் என்ற மலையூரில்தான்! அதற்குத் தடுப்பூசி ஒன்றுதான் வழி, குஞ்சுக்கு முதல் வாரத்தில் லசோட்டா சொட்டு மருந்து, 8 வாரத்துக்கு மேல் இறக்கையடியில் ஊசி. கால்நடைத் துறை வருஷா வருஷம் தை, மாசி வாக்கில் முகாம் போட்டு இலவசமாகவே போடுகிறது. நோய் வந்த கோழிக்குப் போட்டுப் பிரயோசனமில்லை, நன்றாக இருக்கும்போதே தூக்கிக்கொண்டு போங்கள்.

சீக்குக் கோழியை அறுத்துக் குழம்பு வைக்கிற பழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது, அறுக்கிற இடமெல்லாம் நோய் பரவும். செத்ததைத் தேயிலைச் சரிவில் வீசினால் நாய் இழுத்துவரும், ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். மருந்து கொடுத்துப் பிழைத்த கோழியின் முட்டையை எத்தனை நாள் தள்ளிவைக்க வேண்டும் என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், மருந்துக்கு மருந்து அது மாறும்.