தொலைந்த 22 எழுத்துகள்

முதுகலைத் திட்டப்பணிக்காக ஈ.கோலை பாக்டீரியாவில் ஒரு நானோபாடி (ஒட்டக வகை விலங்குகளின் எதிர்ப்பொருளிலிருந்து பெறப்படும் சிறு புரதம்) தயாரிக்க வேண்டியிருந்தது. அதன் வடிவத்தைத் தாங்கும் டைசல்ஃபைடு பிணைப்பு (இரு கந்தக அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு) செல்லின் உட்பகுதியான சைட்டோபிளாசத்தில் ஒழுங்காக உருவாகாது. இரு சவ்வுகளுக்கும் இடைப்பட்ட பெரிபிளாசத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் டிஎஸ்பிஏ நொதி அதைக் கட்டித்தரும். அதற்காகவே, பெல்பி என்ற 22 அமினோ அமிலச் சிக்னல் பெப்டைடைத் (புரதத்தின் முன்னால் நின்று அதைப் பெரிபிளாசத்துக்கு அனுப்பிவிட்டு, பிறகு வெட்டப்பட்டுவிடும் துண்டு) தாங்கிய பெட்-22பி பிளாஸ்மிடைத் (ஜீனைச் சுமக்கும் வட்ட டிஎன்ஏ) தேர்ந்தெடுத்து, அதில் நானோபாடியின் ஜீனைப் பொருத்தித்தர ஒரு நிறுவனத்திடம் கேட்டேன். உயிரிப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதலும் பணம் கட்டுவதும் தடங்கலின்றி முடிந்தன.

பிளாஸ்மிட் வந்ததும் புரதத்தை உற்பத்தி செய்து, 20 சதவீதச் சுக்ரோஸ் கரைசலில் ஆஸ்மாட்டிக் ஷாக் (வெளிச்சவ்வைத் தளர்த்தும் ஊடுபரவல் அதிர்ச்சி) கொடுத்துப் பெரிபிளாசச் சாற்றை எடுத்து, புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினால், அங்கே எதுவும் இல்லை. புரதம் முழுவதும் கரையாத கட்டிகளாகச் செல்லுக்குள்ளேயே கிடந்தது. புரத உற்பத்தியைத் தூண்டும் ஐபிடிஜி என்ற வேதிப்பொருளின் அளவை மாற்றினேன். ஷாக் கொடுப்பதில்தான் பிழையோ என்று தேவகோட்டையிலிருந்து காரைக்குடி ஆய்வகத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் பேருந்தேறினேன். ஐந்து வாரம் இப்படிப் போன பிறகே பிளாஸ்மிடின் வரிசையை நானே அமினோ அமிலங்களாக மாற்றிப் பார்த்தேன். புரதத்தின் முதல் அமினோ அமிலமான மெத்தியோனினை ஒட்டியே நானோபாடி ஆரம்பித்தது. பெல்பி இல்லவே இல்லை.

ஜீனைச் செய்துகொடுத்த நிறுவனம் அதை என்டிஇ-1 தளத்தில் (அப்பெயருள்ள நொதி டிஎன்ஏவை வெட்டும் இடம்) பொருத்தியிருந்தது. அந்தத் தளம் பெல்பியின் தொடக்கத்திலேயே இருப்பதால், அங்கே வெட்டினால் சிக்னல் பெப்டைடு முழுவதும் போய்விடும். பெல்பியின் முடிவில் உள்ள என்சிஓ-1 தளத்தில்தான் பொருத்தியிருக்க வேண்டும். தொலைபேசியில் பேசியவர், தளத்தைக் குறிப்பிடாவிட்டால் என்டிஇ-1தான் தங்கள் வழக்கம் என்றார். புரதம் பெரிபிளாசத்துக்குப் போக வேண்டும் என்று படிவத்தில் நான் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டியும், மறுபடி செய்ய முழுக் கட்டணம் கேட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

கடைசியில் ஜீனைப் படியெடுக்க உதவும் இரண்டு ப்ரைமர் (சிறு டிஎன்ஏ துண்டுகள்) மட்டும் வாங்கி நானே மாற்றிப் பொருத்தினேன். இதைச் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: என்சிஓ-1 தளத்தின் கடைசி 'ஜி', மெத்தியோனினுக்கு அடுத்த அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்து டிஎன்ஏ குறியீட்டின் முதல் எழுத்தாகிவிடும். என் நானோபாடி குளூட்டமினில் தொடங்குவதாலும், அதன் குறியீடு 'சி'யில் ஆரம்பிப்பதாலும், நடுவே 'ஜி'யில் ஆரம்பிக்கும் ஓர் அலனினைச் சேர்க்க வேண்டியிருந்தது. புரதத்தைப் பிரித்தெடுக்க உதவும் வால்பகுதி ஹிஸ்-டேக் (ஹிஸ்டிடின் தொடர்) வேண்டுமானால், ஜீனின் முடிவில் உள்ள நிறுத்தக் குறியீட்டையும் நீக்கிவிடுங்கள்.

இம்முறை ஜெல்லில் இரண்டு பட்டைகள் தெரிந்தன. மேலே இருந்தது பெல்பி வெட்டப்படாத புரதம். ஏற்றுமதிப் பாதை தாங்கக்கூடியதைவிட வேகமாகப் புரதம் உருவானதே காரணம் என்று நினைத்தேன். வெப்பத்தைக் குறைக்கலாம் என்றால், சித்திரை வெயிலில் பாக்டீரியாவைக் குலுக்கி வளர்க்கும் எங்கள் ஷேக்கர் 33 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. பக்கத்துத் துறையின் குளிரூட்டும் ஷேக்கரைக் கேட்டு வாங்கி, 25 டிகிரியில், 0.1 மில்லிமோலார் ஐபிடிஜியுடன் இரவு முழுவதும் வளர்த்தேன். மறுநாள் மேல்பட்டை மங்கி, பெரிபிளாசச் சாற்றில் கீழ்ப்பட்டை மட்டும் அழுத்தமாக நின்றது.