11982 தவிர

பிப்ரவரி 9

பாபா இஸ் யூ என்ற புதிர் விளையாட்டு. அதே லெவல். தொட்டால் ஜெயிக்கும் கொடி சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. 'வால் இஸ் ஸ்டாப்' (சுவர் தடுக்கும்) என்ற மூன்று சொற்கட்டைகளும் இடப்பக்க மேல் மூலையில் ஒட்டிக் கிடக்கின்றன. மூலையில் கிடப்பதை எந்தப் பக்கமிருந்தும் தள்ள வராது. இந்த விதியில் கைவைக்காதே என்று லெவலைச் செய்தவர் சொல்லிவிட்டார். சரி, வைக்கவில்லை. வேறு என்னதான் செய்யச் சொல்கிறீர்கள்?

மணி மூன்றே கால். வார்டுக்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

பிப்ரவரி 10

அத்தான் ஆறு மணிக்கே வந்துவிட்டார். வீட்டுக்குப் போய்த் தூங்கு என்றார். வீட்டுக்குப் போனேன்.

பிப்ரவரி 11

இந்த விளையாட்டு ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டது என்று காலையிலிருந்து யோசனை. ஃபின்லாந்துக்காரர் ஆர்வி டெய்க்காரி 2017-இல் ஒரு கேம் ஜாமில், அதாவது குறைந்த நேரத்தில் விளையாட்டு செய்யும் கூடலில், அவசரமாகச் செய்து பார்த்தது. முழு வடிவம் 2019-இல் வந்தது. விதிகளெல்லாம் திரையிலேயே சொற்களாகக் கிடக்கும். 'பாபா இஸ் யூ' என்று இருக்கும்வரை பாபாதான் நான். 'வால் இஸ் ஸ்டாப்'பில் ஒரு கட்டையை இடித்து நகர்த்திவிட்டால் சுவர் வெறும் படம், உள்ளே புகுந்து போய்விடலாம். 'ராக் இஸ் யூ' என்று ஆக்கினால் பாறைகள் எல்லாம் நான். எதுவுமே நானாக இல்லாமல் போனால் இசை நின்றுவிடும். அப்போதும் கவலையில்லை. ஒரு பொத்தானை அழுத்தி அழுத்தி ஒவ்வொரு அடியாகப் பின்னால் வரலாம், எவ்வளவு தூரம் வேண்டுமானாலும்.

பெரிய லெவலுக்கு நான் பயப்படுவதில்லை. எங்காவது தொடங்கலாம், ஏதாவது நடக்கும். சின்ன லெவல்தான் வயிற்றைக் கலக்கும். பத்துப் பன்னிரண்டு பொருள்தான் இருக்கும், அதில் ஒன்றுகூட வீணுக்கு வைத்ததாக இருக்காது. அதனால் விளையாடுவதற்கு முன்பே, வைத்தவரின் மனசைப் படிக்கத் தொடங்கிவிடுகிறோம். இந்தப் பாறை ஏன் இங்கே? ஒரு கட்டம் தள்ளி ஏன் இல்லை? இடது ஓரத்தில் ஒரு 'இஸ்' சும்மா கிடக்கிறது, அதற்குக் கொஞ்சம் கீழே இன்னொரு 'யூ'. என் திட்டம் எதற்கும் இரண்டும் தேவைப்படவில்லை. ஆனால் அவர் தேவையில்லாமல் வைக்க மாட்டார். அப்படியென்றால் என் திட்டம் எல்லாமே வேறு ஏதோ லெவலுக்கானவை.

வெளியே இப்படிப் படிக்க முடிவதில்லை. டாக்டர் இன்று கோப்பைப் புரட்டிவிட்டு "ம்" என்றார். அந்த "ம்" எதற்கு வைத்தது என்று மதியம் முழுக்க உருட்டினேன். எதற்கும் இல்லாமலும் இருக்கலாம்.

பிப்ரவரி 12

ஃபோன் வந்தது. வேறு விஷயம்.

பிப்ரவரி 13

அக்கா முழித்துக்கொண்டிருந்தாள். என் தோள்மேல் எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் அந்த முயல்தானா?"

"முயல் இல்லக்கா."

"பின்ன?"

"தெரியல. பாபா."

"அது என்னன்னே தெரியாம ராத்திரி பூரா அதுவா இருந்திருக்க."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ப்ரீசெல் போடு என்றாள். அவளுக்குச் சீட்டுதான். எழுத்தைத் தள்ளுவது, கதவைத் திறப்பது, அதெல்லாம் விளையாட்டே இல்லை என்பாள். கொஞ்ச நேரம் ஆடினாள், கண் வலிக்கிறது என்று கொடுத்துவிட்டாள்.

பிப்ரவரி 14

ப்ரீசெல்லில் அதிர்ஷ்டத்துக்கு வேலை மிகக் குறைவு. 52 சீட்டும் முகம் தெரியும்படி எட்டு வரிசையில் கிடக்கும். எதுவும் ஒளிந்திருக்காது. தற்காலிகமாகச் சீட்டை ஒதுக்க நான்கு காலி இடம். தோற்றால் சீட்டைக் குறை சொல்ல முடியாது. 1978-இல் பால் ஆல்ஃபில் பிளேட்டோ என்ற கணினி அமைப்புக்காக இதை எழுதினார். ஜிம் ஹார்ன் எழுதிய விண்டோஸ் வடிவம்தான் ஊரெல்லாம் பரவியது. அதில் ஆட்டங்களுக்கு எண் உண்டு, 1 முதல் 32,000 வரை. எண்ணைத் தட்டினால் அதே சீட்டு அதே இடத்தில் வரும். இன்றைய செயலிகள் பலவும் அந்த எண்களையே வைத்திருக்கின்றன.

அக்கா அந்தக் காலத்தில் முடித்த எண்களை ஒரு நோட்டில் எழுதி வைப்பாள். கஷ்டப்படுத்தியதற்குப் பக்கத்தில் ஒரு திட்டு. அதைத் திறந்து பார்த்தால் அடி விழும்.

எனக்கு இதில் வியப்பு வேறு. பாபாவைச் செய்தவர் இருக்கிறார், அவர் தீர்வு வைத்திருப்பார் என்று நம்பி உட்காரலாம். ப்ரீசெல்லில் சீட்டைக் கலைத்தது ஒரு எண் சூத்திரம். யாரும் உட்கார்ந்து யோசித்து அடுக்கவில்லை, தீர்வு இருக்கிறதென்று யாரும் வாக்குக் கொடுக்கவும் இல்லை. 1994-இல் டேவ் ரிங் என்பவர் இணையத்தில் ஆள் சேர்த்து, அந்த 32,000 ஆட்டத்தையும் பகுதி பகுதியாகப் பிரித்துக் கொடுத்தார். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாதக்கணக்கில் கையாலேயே ஆடினார்கள். ஒருவரால் முடியாததை இன்னொருவருக்கு அனுப்பினார்கள். 1995 ஏப்ரலுக்குள் எல்லாம் முடிந்தது. ஒன்றைத் தவிர. 11982. பின்னால் கணினி நிரல்களை விட்டும் பார்த்தார்கள். அதற்குத் தீர்வே கிடையாது.

முப்பத்திரண்டாயிரத்தில் ஒன்று. யாரும் வாக்குக் கொடுக்காத இடத்தில் இவ்வளவு தாராளம்.

அந்த ஒன்று யாருக்கு விழுகிறது என்பதுதான்.

பிப்ரவரி 15

எரிச்சலாக இருக்கிறது. பக்கத்து நாற்காலிப் பையன் பாபாவைப் பார்த்துவிட்டு, "யூடியூபில் விடை இருக்குண்ணா" என்றான். தெரியும் தம்பி. எல்லாவற்றுக்கும் இருக்கிறது.

விடையைப் பார்ப்பது பாவம் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். சில புதிர்களுக்குப் பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் அவை புதிரே இல்லை. 1999-இல் வந்த கேப்ரியல் நைட் 3 என்ற விளையாட்டில் ஒரு இடம் உண்டு. ஒருவரைப் போல ஆள்மாறாட்டம் செய்து வண்டியை வாடகைக்கு எடுக்க வேண்டும். அதற்கு மீசை வேண்டும். கதவின் ஓட்டையில் ஒட்டுநாடாவை ஒட்டி, அந்த வழியாகப் பூனையை ஓட விட்டு, நாடாவில் சிக்கிய முடியை மேப்பிள் பாகால் மூக்குக்குக் கீழே ஒட்டிக்கொள்ள வேண்டும். இதில் கொடுமை, நாம் வேஷம் போடும் அந்த மனிதருக்கு மீசையே கிடையாது. அதனால் அவருடைய பாஸ்போர்ட்டிலும் பேனாவால் மீசை வரைகிறோம்! இதை யோசித்துக் கண்டுபிடிக்காதவனை யார் குறை சொல்ல முடியும்?

நல்ல புதிரில் விடை தெரிந்ததும் "அட, கண்முன்னால்தானே இருந்தது" என்று வரும். அந்த "அட" ஒரு தடவைதான் கிடைக்கும். யூடியூபில் பார்த்தால் விடை கிடைக்கும், அது கிடைக்காது. இப்போதைக்கு எனக்கு விடையைவிட அதுதான் வேண்டும். கொடியைத் தொட்டு நான் என்ன செய்யப் போகிறேன்?

பிப்ரவரி 16, விடியற்காலை

மைன்ஸ்வீப்பர் இனிமேல் வேண்டாம். பெரிய பலகை, 99 குண்டு, எல்லாம் கணக்குப் போட்டு வந்து, கடைசியில் இரண்டு கட்டம். ஒன்றில் குண்டு. எதில் என்று சொல்ல எந்த எண்ணும் இல்லை. இது என்ன நியாயம்?

பிப்ரவரி 16, மாலை

நேற்று ஆடியது அக்காவுக்கு நினைவில்லை. அத்தானுக்கு அது தெரிய வேண்டாம் என்று நர்ஸிடம் சொன்னேன். அத்தானுக்குத் தெரிந்திருக்கிறது.

2000-இல் ராபர்ட் ஸ்டிக்கோல்டும் அவர் குழுவினரும் செய்த ஆய்வு ஒன்று. சிலரை டெட்ரிஸ் ஆடவைத்தார்கள். தூக்கம் பிடிக்கும் நேரத்தில் கண்ணுக்குள் என்ன தெரிகிறது என்று கேட்டார்கள். கட்டைகள் விழுவது தெரிகிறது என்றார்கள். டெட்ரிஸ் பைத்தியம் யாரானாலும் இதைச் சொல்வார்கள்தான். ஆனால் அந்தக் கூட்டத்தில் மூளை பாதிப்பால் புது நினைவே தங்காதவர்களும் இருந்தார்கள். விளையாடியதே அவர்களுக்கு ஞாபகமில்லை. அவர்களிலும் சிலர், ஏதோ வடிவங்கள் மேலிருந்து விழுவதாகச் சொன்னார்கள்.

இதைப் படித்து வருஷமாகிறது. அப்போது சுவாரஸ்யமான விஷயமாக மட்டும் இருந்தது.

ராத்திரி அக்கா தூக்கத்தில் வலது கை ஆள்காட்டி விரலை இழுத்தாள், விட்டாள். சீட்டா என்று தெரியாது. சும்மா துடித்ததாகவும் இருக்கலாம்.

பிப்ரவரி 17

முடிந்துவிட்டது! மாடிப்படி ஏறும்போது. கையில் ஃபோன்கூட இல்லை.

சொற்களை இடமிருந்து வலமாக மட்டும் படிக்க வேண்டியதில்லை, மேலிருந்து கீழாகவும் படிக்கலாம். மூலையில் இருக்கும் 'வால்' படுக்கை வரிசைக்கும் முதல் சொல், நிற்கும் வரிசைக்கும் முதல் சொல். இடது ஓரத்தில் கிடந்த 'இஸ்', 'யூ' இரண்டையும் கீழிருந்து ஓரத்தோடு மேலே தள்ளினால் போதும். 'வால் இஸ் யூ'. சுவர் நான். தடுப்பு விதி அப்படியே இருக்கட்டும், தடுக்கிறவனே நான்தானே. கொடி சுவருக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. சுவரை ஒரு அடி நகர்த்தினேன். தொட்டுவிட்டது.

உடைக்காதே என்று சொன்னது உண்மைதான். அதை உடைத்தால் மூலையில் அந்தச் சொல் இருக்காது. நடைபாதையில் தனியாகச் சிரித்தேன். எதிரே வந்த அம்மா நல்ல செய்தி என்று நினைத்துக்கொண்டு அவரும் சிரித்தார்.

பிப்ரவரி 18

அடுத்த லெவல். பிடிக்கவில்லை.

பிப்ரவரி 19

"நம்பர் போடு," என்றாள்.

"எந்த நம்பர்?"

"அதான்டா. வராதது."

"11982-ஆ? நேத்து என்ன சாப்பிட்டன்னு கேட்டா தெரியல, இது மட்டும்..."

"போடுடா."

போட்டேன். ஒரு சீட்டில் விரல் வைப்பாள், எடுப்பாள், வேறு சீட்டுக்குப் போவாள். காலி இடம் நான்கும் நிரம்பியது. நான் வாயைத் திறக்கவில்லை. எல்லாம் பூட்டிக்கொண்ட பிறகு திரையைப் பார்த்தபடியே இருந்தாள். முகத்தில் வருத்தமில்லை. கணக்குச் சரிபார்க்கிறவள் மாதிரி இருந்தாள்.

"வரல," என்றாள்.

"வராதுக்கா. அதான் தெரியுமே."

"உனக்குத் தெரியும்னு சொல்ற. நான் பார்க்க வேணாமா?"

மறுபடியும் போடச் சொன்னாள்.

பிப்ரவரி 20

சோகோபனும் பாபாவும் ஒரே வம்சம். 1982-இல் வந்த பெட்டி தள்ளும் விளையாட்டு. தள்ளலாம், இழுக்க முடியாது. பெட்டி மூலைக்குப் போய்விட்டால் அவ்வளவுதான், அந்த ஆட்டம் செத்தது; ஆனால் செத்தது தெரியாமல் இன்னும் அரை மணி நேரம் ஆடிக்கொண்டிருப்போம். 1997-இல் ஜோசப் கல்பர்சன் இதைக் கணினிக்கே மிகக் கடினமான பிரச்சினைகளின் வகையில் சேர்த்து நிரூபித்தார். பழகியவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: கடைசி நிலையிலிருந்து பின்னால் வருவது. பெட்டிகள் எல்லாம் இடத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பது. எந்த வழியில் உள்ளே வந்திருக்க முடியும் என்று தெரிந்துவிடும்.

எல்லாரும் வீட்டில் இருக்கிறோம். அதற்கு முந்தைய நகர்த்தல் எது? அதற்கு முந்தையது?

பாதியில் நர்ஸ் கூப்பிட்டுவிட்டார்.

பிப்ரவரி 22

மூன்று டெஸ்ட் முடிவும் சேர்ந்துதான் வரும் என்கிறார்கள். தனித்தனியாகச் சொல்ல மாட்டார்களாம்.

ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் என்ற விளையாட்டை எடுத்தேன். லூகஸ் போப் ஏறக்குறைய தனியாளாகச் செய்து 2018-இல் வெளியிட்டது. ஆளில்லாமல் திரும்பி வந்த கப்பல். 60 பேர். ஒவ்வொருவரும் யார், என்ன ஆனார் என்று நாம் புத்தகத்தில் நிரப்ப வேண்டும். ஒவ்வொன்றாகச் சரி தவறு சொல்லாது. மூன்று பேருடையது சரியாக இருந்தால்தான் மூன்றையும் சேர்த்து அச்சடித்துக் கொடுக்கும். ஊகித்து ஊகித்து ஓட்டிவிடக் கூடாது என்பதற்காக வைத்த பூட்டு. அதிலும் ஓட்டை உண்டு. இரண்டு பேர் உறுதியாகத் தெரிந்தால் மூன்றாமவருக்கு வரிசையாகப் பெயர்களைப் போட்டுப் பார்க்கலாம். நான் போட மாட்டேன். நான்கு சீன மாலுமிகளிடம் நிறையப் பேர் அப்படித்தான் போட்டுவிட்டுப் போவார்கள். தொங்கும் படுக்கைகளில் எண் கட்டியிருக்கும், போர்வைக்கு வெளியே கால் நீட்டிக்கொண்டிருக்கும். காலைப் பார்த்தால் ஆளைச் சொல்லலாம். கால் வரைக்கும் யோசித்து வைத்திருக்கிறார் மனுஷன்.

பிப்ரவரி 23

தூங்கினேன். ஒன்பது மணி நேரம்.

பிப்ரவரி 25

இரண்டு வந்துவிட்டது. சேர்ந்துதான் வரும் என்றவர்களே சொன்னார்கள். மூன்றாவது நாளைக்கு. அத்தான் அந்த இரண்டையும் வைத்து மூன்றாவதைச் சொல்லத் தொடங்கிவிட்டார். அத்தான், தயவுசெய்து நிறுத்துங்கள் என்றேன். முகம் சுண்டிவிட்டது அவருக்கு. பாவம்.

அக்காவுக்கு இன்று கண் வலி இல்லை. கப்பலைக் காட்டினேன். அந்த விளையாட்டில் முதலில் இருட்டில் சத்தம் மட்டும் வரும், ஆள் சாகிற காட்சி அதற்கப்புறம்தான். ஹெட்போனில் ஒன்றை அவளுக்கும் ஒன்றை எனக்குமாக மாட்டியிருக்கிறோம். கதவு தட்டுகிறது, யாரோ கத்துகிறார். சமையல்காரன்தான் என்கிறாள். இன்னும் படமே வரவில்லை அக்கா என்றால், குரலைக் கேட்டாலே தெரியவில்லையா என்று என்னைத்தான் திட்டுகிறாள்