எத்தனை அங்குலம்?

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் அலுவலகத் தொலைபேசியில் யார் கூப்பிட்டாலும் பனியைப் பற்றி ஒரே கேள்விதான்: "எத்தனை அங்குலம்?" அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில், ஊராட்சிகளின் சாலைத் துறைகளுக்கு வானிலைக் கணிப்பு எழுதித் தரும் சிறிய நிறுவனம் அது. இரவு ஷிஃப்ட் என் தலையில்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அங்குலத்தைத்தான் துரத்தினேன். ஓர் அங்குல நீருக்குப் பத்து அங்குலப் பனி என்பது தொடக்கக் கணக்கு. ஈரம் கனத்த பனி என்றால் அது ஐந்தாகச் சுருங்கும். கடுங்குளிரில் விழும் இறகுப் பனி இருபது, முப்பது என்று உப்பும். கணினியின் வானிலை மாடல் நீரின் அளவைத் துல்லியமாகச் சொன்னாலும் மீதிக் கணக்கில் நாம் வழுக்கி விழ இடம் தாராளம். (தமிழிலோ புல்நுனித் துளியும் பனி, கூரையை அமுக்கும் வெண்குவியலும் பனி. அமெரிக்கப் பனியைப் பற்றி அம்மாவிடம் போனில் விளக்கி முடிப்பதற்குள் புயலே கடந்துவிடும்.)

ஊருக்கு ஊர் பனி ஏமாற்றும் விதமும் வேறு. ஈரி ஏரிக்கரை நகரமான பஃபலோவில் ஏரிதான் எல்லாம். ஏரியின் வெதுவெதுப்பான நீருக்கும் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்துக் குளிர்காற்றுக்கும் 13 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் வந்தாலே ஏரியின் ஈரம் பனிமேகமாகக் கிளம்பும், எங்களுக்குத் தூக்கம் போய்விடும். ஏரியின் நீளவாக்கில் காற்று அடித்தால் மேகம் ஒற்றைப் பட்டையாகத் திரண்டு கரையேறும். காற்றின் திசை கொஞ்சம் திரும்பினால் பட்டையும் வேறு ஊருக்குப் போய்விடும். 2014 நவம்பரில் நகரின் தென்புறத்தில் ஐந்தடிக்கு மேல் குவிந்தபோது வடபுறத்தில் சில அங்குலம்தான். பட்டையின் விளிம்பு வெள்ளைச் சுவர் போல நின்ற படங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஜனவரி, பிப்ரவரியில் ஏரி உறைந்துவிட்டால் இந்த ஆட்டம் அடங்கிவிடும்.

நியூயார்க்கில் கடலோரப் புயல் எந்தத் தடத்தில் போகும் என்பதே தலைவலி. 2015 ஜனவரியில் நகரத்துக்கு இரண்டடியோ அதற்கு மேலோ வரலாம் என்று சொல்லி, சுரங்க ரயிலையே நிறுத்தினார்கள். சென்ட்ரல் பார்க்கில் விழுந்தது 9.8 அங்குலம். கிழக்கே நூறு கிலோமீட்டர்கூடத் தள்ளிப் போகாத லாங் ஐலண்ட் ஊர்களில் அந்த இரண்டடி அப்படியே விழுந்தது. கணிப்பு பொய்த்தது என்று ஊரே திட்டியது. புயல் பொய்க்கவில்லை, அதன் ஓரம்தான் பொய்த்தது என்பேன். ஆனால் ஓரத்தில் எண்பது லட்சம் பேர் குடியிருந்தால் அந்த நியாயம் எடுபடாது.

தெற்கே கரோலினா மாநிலங்கள் பக்கம் மேலே ஒரு சூடான காற்றடுக்கு நுழைந்துவிட்டால், ஒரு டிகிரி வித்தியாசத்தில் பனி உறைமழையாகிவிடும்; மழையாக விழுந்து, தரையைத் தொட்டதும் கண்ணாடி போல உறையும். அங்கே அங்குலக் கேள்விக்கே பொருளில்லை.

என் பாடம் இவற்றில் எதிலும் இல்லை. மூன்று அங்குலப் பனியில் இருந்தது. நான் மூன்று என்று எழுதினேன், மூன்றுதான் விழுந்தது. தரைக்கு மேலே காற்று வறண்டு கிடந்ததால், முதலில் விழும் பனியெல்லாம் பாதியிலேயே ஆவியாகிவிடும், பத்து மணிக்குத்தான் தரை வெளுக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். காற்று நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் ஈரமேறியது. ஏழு மணிக்கே பனி தரையைத் தொட்டது. பள்ளிப் பேருந்துகள் சாலையில், பனியை உருக்க உப்புத் தூவும் வண்டிகள் ஷெட்டில். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. இரண்டு பேருந்துகள் மேட்டில் ஏற முடியாமல் நின்றதோடு சரி.

மறுநாள் சாலைக் கண்காணிப்பாளர் கூப்பிட்டார். அளவு சரியாக இருந்ததே என்று இழுத்தேன். "மூன்றோ ஆறோ, தள்ளுவதற்கு என்னிடம் வண்டி இருக்கிறது. டிரைவர்களை எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும், அதைச் சொல்லுங்கள்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

அன்றிலிருந்து அவருக்கான அறிக்கையில் முதல் வரி நேரம், அதற்குக் கீழே, எவ்வளவு முந்தலாம், எவ்வளவு பிந்தலாம், அங்குலம் கடைசியில். சக ஊழியர்கள் சிரித்தார்கள். வறண்ட காற்றை மட்டும் இன்னும் என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. போன வாரம் அதிகாலை மூன்று மணிக்கு அவர் கூப்பிட்டு, "எழுப்பட்டுமா?" என்றார். ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு வாகன நிறுத்தத்துக்கு ஓடினேன். ரேடாரில் எங்கள் தலைக்கு மேலே அரை மணி நேரமாகப் பனி பெய்துகொண்டிருந்தது. என் கார் கூரை காய்ந்து கிடந்தது.

"எழுப்புங்கள்" என்றேன்.